கெண்டோ (ஜப்பானிய வாள்வீச்சுக் கலை): வாசகர் கேள்விகள்

கேள்வி: தலையில் அடிக்கும் ‘மென்’ அடி எனக்கு எப்போதும் மந்தமாகவே விழுகிறது. ஷினாய் (மூங்கில் வாள்) கோணலாக இறங்குகிறது, தோளும் வலிக்கிறது. வேகம் போதவில்லையா?

பதில்: வேகத்தில் குறையில்லை, அடிப்பது வலது கை என்பதுதான் கோளாறு. முதலில் பிடியைப் பாருங்கள். இடது கைச் சுண்டுவிரல் கைப்பிடியின் கடைசி விளிம்பில் இருக்க வேண்டும். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும்தான் பிடிக்கின்றன. மற்ற இரண்டும் தளர்வாகவே இருக்கட்டும். வலது கைக்குத் திசை காட்டுகிற வேலை மட்டும்.

ஷினாயை ஓங்கும்போது இடது முஷ்டி நெற்றிக்குச் சற்று மேலே வரும். அடி விழும்போது மார்புக்குழி உயரத்தில் நிற்கும். போகும்போதும் வரும்போதும் அது உடலின் நடுக்கோட்டை விட்டு விலகக் கூடாது. கண்ணாடி முன் நின்று சோதியுங்கள். முதுகுவரை ஓங்கினால் இடது கை விரல்கள் திறந்துகொள்ளும், பிடி அங்கேயே போய்விடும்.

அடி பட்ட கணத்தில் ஈரத்துணியைப் பிழிவதுபோல் இரு கைகளையும் உள்நோக்கி இறுக்கி, உடனே தளர்த்துங்கள். ‘தெனோஉச்சி’ என்பது இதுதான். இறுக்கம் நீடித்தால் ஷினாய் கவசத்தை அழுத்திக்கொண்டு நிற்கும். மந்தமான சத்தம் அதனால்தான். தினமும் இடது கையால் மட்டும் 20 சுபுரி (வெற்றுவீச்சு), மெதுவாக. கனமாகத் தெரிந்தால் சிறிய ஷினாய் எடுங்கள். இருபதும் நேராக இறங்கும்வரை எண்ணிக்கையைக் கூட்டவே வேண்டாம்.

கேள்வி: ‘ஃபுமிகோமி’ (அடிக்கும்போது முன்னே பாய்ந்து மிதிப்பது) பழகியதிலிருந்து வலது குதிகால் வலிக்கிறது.

பதில்: முழங்காலைத் தூக்கி, மேலிருந்து மிதிக்கிறீர்கள். வலது பாதம் தரையை ஒட்டியே முன்னே போய், பாதம் முழுதும் ஒருசேரப் பதிய வேண்டும். உந்துவது இடது கால். அதன் விரல்கள் நேர் முன்னே பார்க்கட்டும், குதிகால் சற்று உயர்ந்திருக்கட்டும். பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் குதிகால் தசைநாண் இழுபடும். உந்தியதும் இடது காலை உடனே இழுத்துச் சேர்த்துவிடுங்கள். வலி ஆறும்வரை பாதம் தரையில் உரசிச் செல்லும் ‘சுரியாஷி’ நடை மட்டும் போதும். குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஷினாயில் சிலாம்பு எழும்பியிருக்கிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. முறிந்த மூங்கில் முகக்கம்பிக்குள் புகுந்தால் கண் போய்விடும். கட்டைப் பிரித்து நான்கு பத்தைகளையும் தனித்தனியே பாருங்கள். மேலாக எழும்பிய சிலாம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். விரிசல் விட்ட பத்தையை மாற்றத்தான் வேண்டும். பத்தைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ‘நாகயுய்’ தோல்வார்க் கட்டு நுனியிலிருந்து கால் பங்கு தூரத்தில், நகராதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் பாருங்கள். எதிரே நிற்பவரின் கண் உங்கள் பொறுப்பு.