கேளுங்க அக்கா: தனியா குடிபோனால் மாதம் எவ்வளவு ஆகும்?

போன இதழில் வீட்டு வாடகை பற்றி ஏதோ போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன், அவ்வளவுதான், வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடிதமாக வந்து குவிந்துவிட்டது. பெரும்பாலும் இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள். அதனால் இந்த முறை முழுக்க வீட்டுக் கதைதான்.

அக்கா, எனக்கு 24 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஹால், ஒரு ரூம் உள்ள வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். கிண்டியில் வேலை. பிடித்தம் போக கைக்கு 22,000 வருகிறது, அதில் அம்மாவிடம் 8,000 கொடுத்துவிடுவேன். ஷிஃப்ட் முடிந்து வீடு வர ராத்திரி பதினொன்றரை ஆகிறது. காலையில் ஐந்து மணிக்கே தண்ணீர் பிடிக்க வீடே எழுந்துவிடும், ஹாலில் படுத்திருக்கிற நானும் எழுந்தாக வேண்டும். தண்டையார்பேட்டையில் மாடியில் ஒரு ரூம், கிச்சன், உள்ளேயே பாத்ரூம், வாடகை 7,500, அட்வான்ஸ் 50,000 சொல்கிறார்கள். "பன்னிரண்டாயிரம் இருந்தால் ராணி மாதிரி இருக்கலாம்டி" என்கிறாள் என் ஃப்ரெண்ட். எனக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும், வேறொன்றும் இல்லை. முடியுமா? (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

தங்கச்சி, உன் ஃப்ரெண்ட் இன்னும் அம்மா வீட்டில்தானே இருக்கிறாள்? கணக்கைப் பார்த்தாலே தெரிகிறது.

வாடகை 7,500. மோட்டார், மாடிப்படி பெருக்க, காவாய் அடைத்தால் எடுக்க என்று ஓனர் ஒரு 500 தனியாகக் கேட்பார், கேட்காத ஓனரை நான் பார்த்ததில்லை. கரண்டுக்கு 500, கேன் தண்ணீர் 200, கேஸ் 500, சாப்பாடு நீயே சமைத்தாலும் 4,500, கிண்டி போய்வர 1,500, போன் ரீசார்ஜ் 350, சோப்பு, நாப்கின், மாத்திரை, ஒரு செருப்பு அறுந்தால் தைக்க என்று 1,000. மொத்தம் 16,550. ஒரு சினிமா, ஒரு கல்யாண மொய் கூட இதில் இல்லை. உன் 22,000-ல் மீதி 5,450. அம்மாவுக்கு இப்போது கொடுப்பது 8,000. இந்த 2,550 இடிக்கிறது பார், உன் கடிதத்தில் நீ எழுதாமல் விட்டது இதைத்தான். நீ போனால் அந்த வீட்டில் ஒரு பாய் குறையும், ஆனால் வாடகையோ அரிசியோ பெரிதாகக் குறையாது. தனியாகப் போகிற செலவு என்பது நீ அங்கே செலவழிப்பது மட்டும் இல்லை, நீ இல்லாத வீடு ஓடுவதற்கும் சேர்த்துத்தான். தி.நகரில் பிஜி எடுத்துத் தங்குகிற வெளியூர்ப் பெண்ணுக்கு யாராவது எழுதிக் கொடுத்த பட்ஜெட் உனக்குப் பொருந்தாது என்பது இதனால்தான்.

கரண்டுக்கு வருவோம், ஏனென்றால் ஏமாறுகிற இடம் அது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உன் பேருக்குத் தனி மீட்டர் இருந்து இரண்டு மாதத்தில் 120 யூனிட் ஓடினால் பில் நூறு ரூபாயைக்கூடத் தாண்டாது. ஆனால் மாடி ரூம்களுக்குப் பெரும்பாலும் சப் மீட்டர்தான், அதாவது ஓனர் இணைப்பிலேயே உன் பங்கை அளக்கிற சின்ன மீட்டர், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று ஓனர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். அதே 120 யூனிட்டுக்கு 1,080 ரூபாய். நான் மேலே போட்ட 500 இப்படித்தான் வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், மூன்று குடித்தனம் ஒரே இணைப்பில் ஓடும்போது யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும், அதை அவரும் கட்டுகிறார். அதனால் சண்டைக்குப் போகாதே. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் "தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட் எவ்வளவு" என்று ஒரு வார்த்தை கேள், தனி மீட்டர் வீட்டுக்கு வாடகை 300 அதிகம் என்றாலும் அதுதான் லாபம்.

அப்புறம் உள்ளே நுழைகிற செலவு. அட்வான்ஸ் 50,000, முதல் மாத வாடகை 7,500, புரோக்கர் வழியாகப் போனால் அவருக்கும் ஒரு மாத வாடகை, ஸ்டவ், குக்கர், பக்கெட், பாய், தலையணை, பழைய ஃபேன் என்று குறைத்துப் பிடித்தாலும் 10,000. ஆக 75,000 கையில் இல்லாமல் பூட்டைத் திறக்க முடியாது. 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, கூடவே "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்றும் ஒரு வால் வைத்திருக்கிறது, நம்மூர் ஓனர்கள் அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு மாதம், பத்து மாதம் எழுதி வாங்குகிறார்கள். பேரம் பேசு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள், வீடு பூட்டிக் கிடந்தால் ஓனருக்கு மனசு இளகும். உனக்கு அந்த நம்பிக்கை ஒரு தடையில்லை என்றால் அந்த இரண்டு மாதத்தில் வீடு தேடு, அட்வான்ஸில் பத்தாயிரமாவது குறையும். காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இங்கே வழக்கம், அதையும் இப்போதே பேசி, சாவி வாங்குகிற அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வை.

வீட்டை வெயில் அடிக்கிற பதினொரு மணிக்குப் போய்ப் பார்க்காதே. நீ வேலை விட்டு வருகிற அதே ராத்திரி நேரத்தில் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து அந்தத் தெருவுக்கு நடந்து பார். நடக்கத் தயக்கமாக இருந்தால் தினமும் ஆட்டோதான், உன் பட்ஜெட் அங்கேயே காலி. 2021-ல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்களில் வாடகையும் ஏறித்தான் இருக்கிறது, ஆனால் பதினொரு மணிக்கு வருகிறவளுக்கு அந்தக் கூடுதல் காசு தண்டமில்லை. பகலில் போகும்போது மட்டும் கொருக்குப்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷன் போய் மாறி மின்சார ரயிலில் போகலாம், சீசன் டிக்கெட் ஒரு மாதத்துக்கே ஒரு பிரியாணி காசுதான். தரைத்தளம் காட்டினால் சுவரின் கீழ்ப்பகுதியைப் பார், புதுசாக அரை ஆள் உயரத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருந்தால் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தண்ணீர் எங்கே நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேள். கொடுங்கையூர் பக்கம் என்றால் காற்று குப்பைமேட்டிலிருந்து வீசுகிற நாளில் போய் நில். வாடகை ஏன் குறைவு என்று தெரிந்துவிடும்.

சரி, முடியுமா என்றால், இன்றைக்கு முடியாது, அடுத்த வருஷம் முடியும். அடுத்த மாதத்திலிருந்து வாடகை, தண்ணீர், கரண்டு எல்லாம் கட்டுவதாக நினைத்து 9,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவிடு. அம்மாவுக்கு 8,000 கொடுத்து, இதையும் போட்டு, மீதி ஐயாயிரத்தில் உன்னால் மாதத்தை ஓட்ட முடிகிறதா என்று பார். எட்டு ஒன்பது மாதத்தில் அந்த 75,000 வந்துவிடும். நடுவில் இரண்டு மாதம் தவறிப்போனால் அந்த மாடி ரூம் உனக்குக் கட்டாது என்று அர்த்தம், அட்வான்ஸ் போடாமலேயே தெரிந்துகொண்டாய்.

அதுவரைக்கும் தாங்காது என்றால் லேடீஸ் ஹாஸ்டல். பெரியமேடு, வேப்பேரி, புரசைவாக்கம் பக்கம் சாப்பாட்டோடு எட்டாயிரம் ஒன்பதாயிரத்துக்கு இருக்கிறது, அட்வான்ஸ் ஒரு மாதம்தான், அம்மாவுக்குக் கொடுப்பதையும் குறைக்க வேண்டாம். கணக்குப்படி அதுதான் சரி. ஆனால் ஒரு ரூமில் மூன்று கட்டில், நீ கேட்ட கதவு அங்கே கிடைக்காது. தூக்கம் கிடைக்கும். தண்ணீர் பிடிக்க யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அம்மாவிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதே. "எவ்வளவு கொடுத்தால் சமாளிப்பீங்க" என்று நேராகவே கேள். தம்பி தங்கை யாராவது வேலைக்குப் போகிற வயதில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள்.

திருவொற்றியூரில் 4 லட்சம் கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு வாடகையே இல்லாமல் லீஸுக்கு வீடு இருக்கிறது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும் என்கிறார் புரோக்கர். அப்பாவின் பிஎஃப் பணம் இருக்கிறது. மாத வாடகை மிச்சம்தானே அக்கா? (வாசகர், காலடிப்பேட்டை)

தம்பி, மிச்சம்தான், பணம் திரும்பி வந்தால். ஓனர் அந்த 4 லட்சத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டப்போவதில்லை, மகள் கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ கொடுத்துவிடுவார். நீ காலி செய்யும்போது அடுத்த ஆள் லீஸுக்கு வந்து பணம் கொடுத்தால்தான் உனக்கு வரும். அதுகூடப் பரவாயில்லை, லேட்டாகவாவது வந்துவிடும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அவர் கட்டாமல் விட்டால் வங்கி வந்து நோட்டீஸ் ஒட்டும்போது நீ தெருவில் நிற்பாய். என் சொந்தக்காரர் குடும்பம் ஒன்று அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன், கையில் இருந்ததெல்லாம் இருபது ரூபாய் பத்திரத்தில் டைப் அடித்த ஒரு தாள்.

அதனால் வீட்டின் மேல் பதிவான கடன் இருக்கிறதா என்று காட்டுகிற வில்லங்கச் சான்று போட்டுப் பார், ஆன்லைனிலேயே கிடைக்கும். மூலப்பத்திரத்தைக் காட்டச் சொல், ஜெராக்ஸ் மட்டும் காட்டி "ஒரிஜினல் லாக்கரில் இருக்கு" என்றால் அந்த லாக்கர் எந்த வங்கியில் என்ன கடனுக்காக இருக்கிறது என்று கேள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும், "பதினொரு மாசத்துக்குப் போட்டு ரின்யூ பண்ணிக்கலாம்" என்று சொல்கிறவர் உன் நன்மைக்காகச் சொல்லவில்லை. பணத்தை வங்கி வழியாகவே கொடு. இதற்கெல்லாம் ஓனர் முகம் சுளித்தால் அப்பாவின் பிஎஃப்பைத் தொடாதே. என்னைக் கேட்டால், எல்லாம் சரியாக இருந்தாலும் ரிட்டயர் ஆனவரின் மொத்தப் பணத்தையும் ஒரே பூட்டுக்குள் வைக்க மாட்டேன்.

வியாசர்பாடியில் நாங்கள் நான்கு பேச்சிலர்கள், வாடகை 12,000, அட்வான்ஸ் ஆளுக்கு 15,000 போட்டோம். ஒருத்தன் சொல்லாமல் காலி செய்துவிட்டு "என் அட்வான்ஸைக் கொடு" என்று தினமும் போன் செய்கிறான். ஓனர் தர மறுக்கிறார். என்ன செய்வது?

அக்ரிமென்ட் யார் பேரில் என்று எழுதவில்லை, உன் பேரில்தான் இருக்கும், இல்லையென்றால் உனக்குப் போன் வராது. ஓனர் தர வேண்டியதில்லை, வீடு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. புது ஆளைப் பிடித்து, அவன் கொடுக்கிற 15,000-ஐப் போனவனுக்குக் கொடுங்கள், ஆள் வராத மாதங்களுக்கு அவன் பங்கு 3,000-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். இதை இன்றைக்கே வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போடு, அவன் "சரி" என்று போட்டால் அதுவே சாட்சி. பேச்சிலருக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு, ஓனர் முன்னால் சண்டை போட்டு அதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஓனர் கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் மட்டும் விடாதே, தகராறு எதுவாக இருந்தாலும் அதை நிறுத்த அவருக்குச் சட்டத்தில் உரிமை இல்லை.

மாதவரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். சம்பளம் 19,000. டெங்கு வந்து தனியார் ஆஸ்பத்திரியில் 32,000 போய்விட்டது, பத்து நாள் சம்பளமும் கட். வீட்டில் இருந்திருந்தால் அம்மா பார்த்திருப்பாங்க.

அம்மா கஞ்சி வைத்திருப்பார், 32,000 அவராலும் முடிந்திருக்காது. சம்பளச் சீட்டை எடுத்துப் பார் தம்பி. 21,000-க்குள் சம்பளம் என்றால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்திருக்க வேண்டும், உன்னிடமிருந்து 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம். மாதம் நூற்றைம்பது ரூபாய்கூட இல்லை என்பதால் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. அயனாவரத்தில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது, வைத்தியம் இலவசம், விதிப்படி சந்தா கட்டியிருந்தால் நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதமும் உண்டு. சீட்டில் அந்த வரியே இல்லையென்றால் எச்ஆரிடம் கேள், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம்தானே? நம்பர் வாங்கி, டிஸ்பென்சரி எது என்று இப்போதே பார்த்து வை. காய்ச்சல் வந்த பிறகு அலைய முடியாது. இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, கூட்டம் இருக்கும், டாக்டரும் இருப்பார்.

என் மகன் வேலைக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மூன்று தெரு தள்ளித் தனி ரூம் எடுக்கிறானாம். ஜனங்க என்ன பேசுவாங்க? (ஒரு அம்மா, கொருக்குப்பேட்டை)

நான்கு நாள் பேசுவாங்கம்மா, அப்புறம் வேற வீட்டுக்குப் போயிடுவாங்க. நீங்கள் ஒன்று மட்டும் செய்யாதீர்கள், தினமும் தூக்குச்சட்டியில் குழம்பு கொடுத்தனுப்பாதீர்கள். ஒரு மாதம் அவன் கையால் அரிசி, எண்ணெய் வாங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு வரச் சொல்லுங்கள், அழுக்குத் துணி மூட்டையோடு வந்தால் மூட்டையை வாசலிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

தனியாக வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி மூன்றும் வட்டியில்லா இஎம்ஐயில் எடுக்கலாமா? (எம்.கே.பி. நகர்)

வட்டியில்லாமல் யாரும் கடன் கொடுப்பதில்லை, பிராசஸிங் ஃபீஸிலும், ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடியை விழுங்குவதிலும் அது ஒளிந்திருக்கும். ஃபிரிட்ஜ் மட்டும், அதுவும் தெரிந்த மெக்கானிக் பார்த்துக் கொடுக்கிற பழசு, கைக்காசில். துணியை ஒரு ஆளுக்குக் கையாலேயே துவைக்கலாம். டிவி எதற்கு, போன் இருக்கிறதே.