சஸ்கடூன் பல்கலைக்கழக வளாகத்தில் ஒற்றை அறை அளவில் ஒரு பழைய கல் கட்டடம் நிற்கிறதே, அது என்ன?

கேட்டவர் கனடா போயிருந்தபோது பார்த்திருக்கிறார். பெரிய பெரிய கல் மாளிகைகளுக்குப் பக்கத்தில் இத்தனூண்டு கட்டடம்; காவலாளி அறையா, சின்ன தேவாலயமா என்று புரியவில்லை என்கிறார்.

இரண்டும் இல்லை. அது பள்ளிக்கூடம். சஸ்கடூன் ஊருக்கென்று கட்டிய முதல் பொதுப் பள்ளிக்கூடம், 1887-இல் எழுந்தது. பெயர் விக்டோரியா பள்ளி. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நானும் தினமும் அதைத் தாண்டித்தான் போனேன். மைனஸ் முப்பது குளிரில் நின்று பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் படிப்பது? பனி உருகிய பிறகுதான் எனக்கும் விவரம் தெரிந்தது.

உங்கள் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கட்டடம் அந்த இடத்தைச் சேர்ந்ததே இல்லை. அது முதலில் இருந்தது நூட்டானா என்ற பகுதியில். சஸ்கடூன் என்ற ஊரே அங்கேதான் பிறந்தது, அதுவும் ஒரு விசித்திரமான காரணத்துக்காக: மதுவிலக்கு.

டொராண்டோவைச் சேர்ந்த மெதடிஸ்ட் சபைக்காரர்கள் சிலர், சாராய வாடையே இல்லாத ஒரு குடியேற்றத்தைப் பிரெய்ரி புல்வெளியில் அமைக்கத் திட்டம் போட்டார்கள். அவர்கள் சார்பில் ஜான் லேக் என்பவர் 1882-இல் இடம் பார்க்க வந்தார். தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றின் கிழக்குக் கரையில் இந்த இடம் நல்லது என்று யோசனை சொன்னவர் டகோட்டா மக்களின் தலைவர் வைட் கேப். மறு வருடம் குடியேறிகள் மூஸ் ஜா என்ற ஊர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மதுவிலக்குக் கனவு என்னவோ நீடிக்கவில்லை. அரசாங்கம் நிலத்தைச் சேர்த்துக் கொடுக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் கொடுத்தது. நடுவில் இருந்த துண்டுகளில் யார் வேண்டுமானாலும் குடியேறலாம். அவர்களைக் குடிக்காதே என்று எப்படித் தடுப்பது?

பள்ளி விஷயத்தில் மட்டும் உறுதியாக இருந்தார்கள். 1884-லேயே பள்ளி மாவட்டம் பதிவானது. வடமேற்குப் பிரதேசங்கள் என்றுதான் அன்று அந்தப் பகுதிக்குப் பெயர்; அதில் இது 13-ஆம் எண். அந்தப் பதின்மூன்றை இன்றைக்கும் சஸ்கடூன் பொதுப் பள்ளி நிர்வாகம் தன் சட்டப் பெயரில் வைத்திருக்கிறது. சொந்தக் கட்டடம் வர மூன்று வருடம் ஆனது. கட்டியவர் அலெக்சாண்டர் மார் என்ற கல் கொத்தனார். 1885-இல் மெத்தி மக்கள் கனடா அரசுக்கு எதிராக நடத்திய கிளர்ச்சியின்போது அவருடைய சொந்த வீடு காயம்பட்ட படைவீரர்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. அந்த வீடும் நூட்டானாவில் இன்னும் இருக்கிறது.

ஏன் கல்? கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். இளஞ்சிவப்பு, சாம்பல், கருப்பு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கற்கள். இவை மலையில் வெட்டி எடுத்தவை அல்ல, ஏனென்றால் அங்கே மலையே கிடையாது. பனியுகத்தில் பனிப்பாறைகள் வடக்கிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனவை. ஏர் ஓட்டினால் இவைதான் முதலில் தட்டுப்படும். விவசாயிக்குப் பெரிய தொல்லை. மரத்துக்கோ பஞ்சம். ஆரம்ப வருடங்களில் பலகையும் உத்திரமும் மெடிசின் ஹாட் என்ற ஊரிலிருந்து ஆற்றில் தெப்பமாக மிதந்து வந்தன. சரி, வயலில் கிடக்கிற கல்லையே அடுக்கிவிடலாம் என்று தோன்றாமல் இருக்குமா?

பகலில் வகுப்பு. மற்ற நேரத்தில் வழிபாடு, ஊர்க்கூட்டம், நடனம் எல்லாம் அதே ஒற்றை அறையில்தான். ஊரே அவ்வளவுதான் இருந்தது. 1890-இல் ரயில் வந்தபோது நிலையம் மேற்குக் கரையில் அமைந்துவிட்டதால், புது ஊர் அந்தப் பக்கம் முளைத்தது. சஸ்கடூன் என்ற பெயரும் ஆற்றைத் தாண்டி அங்கே போய்விட, பழைய ஊருக்கு நூட்டானா என்று வேறு பெயர் வந்தது. 1901 கணக்கெடுப்பில் சஸ்கடூனின் மக்கள்தொகை 113. அப்புறம் ஒரே வெள்ளம். 1903-இல் ஐசக் பார் என்ற பாதிரியார் ஏற்பாடு செய்த குடியேற்றத்துக்காக இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். சஸ்கடூனில் இறங்கிக் கூடாரம் போட்டார்கள். 1906-இல் சஸ்கடூன், நூட்டானா, ரிவர்ஸ்டேல் மூன்றும் சேர்ந்து நகரமாயின. 1911-இல் மக்கள்தொகை சுமார் 12,000.

இந்த வேகத்தில் ஒற்றை அறைப் பள்ளி எந்த மூலைக்கு? நூட்டானாவில் அது நின்ற இடத்திலேயே பெரிய பள்ளி வந்துவிட்டது, கல் கட்டடம் இடிபட வேண்டிய நிலை. அப்போதுதான் ஒரு மகளிர் சங்கம் குறுக்கே வந்தது. 'பேரரசின் புதல்விகள்' என்று பெயர் வைத்துக்கொண்ட, பிரிட்டிஷ் பற்று மிகுந்த அமைப்பு அது. பெயரைப் பார்த்து எனக்கு முதலில் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது. 1911-இல் பணம் திரட்டி, கல் கல்லாகக் கழற்றி, பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டுபோய் மறுபடி அடுக்கவைத்தார்கள். பல்கலைக்கழகமே அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முதல் பெரிய கட்டடத்துக்குப் கனடா பிரதமர் வில்ஃப்ரிட் லாரியர் அடிக்கல் நாட்டி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆக, வளாகத்துக்குள் யாரோ பழைய கட்டடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நாம் நினைப்பது தலைகீழ்.

எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: அப்போது அந்தக் கட்டடத்துக்கு வயது 24. நம் ஊரில் 24 வருடக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கலாமா என்று யோசிப்போம்; அவர்கள் அதைப் பழம்பொருளாகப் பார்த்தார்கள். அங்கே 24 வருடத்துக்கு முன் என்றால் ஊரே இல்லாத காலத்துக்குப் பக்கம்.

இருந்த இடத்திலேயே விட்டிருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. நூட்டானாவில் இருந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அங்கே விட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

அடுத்த முறை போனால் பிராட்வே சாலைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பழைய கட்டடத்துக்குப் பதிலாக வந்த விக்டோரியா பள்ளி அங்கே இருக்கிறது, இப்போதும் பள்ளியாகவே நடக்கிறது. ஆற்றங்கரைப் பாதையிலேயே நடந்துவிடலாம். கோடையில் மட்டும்.