கெதியாகச் செய்தும் வேலை முடியவில்லையே!

கேள்வி: கோட்டையில் சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கம்பனியில் வேலை செய்கிறேன். எல்லோரையும் விடக் கூடுதலாக பைல் முடிப்பது நான்தான், ஆனால் பிழை வருவதும் என்னுடையதில்தான். போன மாதம் ஒரு கோட் மாறிப்போய் கொண்டெய்னர் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. இரவு எட்டு மணி வரை இருந்தும் வேலை தீரவில்லை. ஆறுதலாகச் செய்தால் மனேஜர் சோம்பேறி என்று நினைப்பாரே?
- வாசகி, வத்தளை

பதில்: தங்கச்சி, பட்டனை அழுத்தியதோடு உங்கள் வேலை முடிவதில்லை, கொண்டெய்னர் கேற்றைத் தாண்டி வெளியே போனால்தான் முடிகிறது. பொருளின் வகையைச் சுங்கத்துக்குக் காட்டும் 8 இலக்க எச்எஸ் கோட்டில் ஒன்று மாறினாலும் சுங்கத் தீர்வையே மாறிவிடலாம், அப்புறம் திருத்தத்துக்கு எழுத வேண்டும், துறைமுக வேலையைப் பார்க்கும் வார்ஃப் கிளார்க் திரும்ப அலைய வேண்டும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், வாடிக்கையாளரின் ஏச்சு வேறு. அரை நிமிஷம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் போய்விடுகிறது.

டைப் செய்வதைக் கெதியாகவே செய்யுங்கள். அனுப்புவதற்கு முன் மட்டும் நில்லுங்கள். இன்வொய்ஸைக் கையில் எடுத்து கோட், நிறை, பெறுமதி மூன்றையும் விரல் வைத்து, வாய்விட்டு வாசித்து, திரையோடு வடிவாக ஒப்பிட்டுப் பாருங்கள். வட்ஸ்அப்பில் யார் கூப்பிட்டாலும் சரி, அந்த இரண்டு நிமிஷம் போன் கவிழ்ந்தே கிடக்கட்டும்.

சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே இதைத்தான் செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியல்படி, கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் நின்று நோயாளியின் பெயரையும் செய்யப்போகும் சிகிச்சையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 8 நாடுகளின் 8 மருத்துவமனைகளில் இதைச் செய்துபார்த்து 2009இல் வெளியிட்டார்கள்: இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்திருந்தது.

எட்டு மணி வரை இருப்பதை விடுங்கள். முதலாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலைக் கணக்குகளை ஸ்டான்போர்ட் பொருளியலாளர் ஜோன் பென்கவெல் ஆராய்ந்தபோது, வாரம் 70 மணித்தியாலம் உழைத்தவர்களும் 56 மணித்தியாலம் உழைத்தவர்களை விடப் பெரிதாக ஒன்றும் கூடச் செய்யவில்லை என்று தெரிந்தது. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமே வழமையான வேலையை வாரம் 45 மணித்தியாலம் என்றுதான் வைத்திருக்கிறது.

மனேஜரிடம் ‘ஆறுதலாகச் செய்யப் போகிறேன்’ என்று போய் நிற்காதீர்கள். திரும்பி வந்த பைல் எத்தனை, அதற்குக் கட்டிய டெமரேஜ் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டி, ஒரு மாதம் சரிபார்த்து அனுப்புகிறேன் என்று கேளுங்கள். காசுக் கணக்கு அவருக்கு உடனே விளங்கும். அவர் சம்மதித்தால் பக்கத்து மேசைக்காரரோடு பைலை மாற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது, நாமே அடித்த பிழை நம் கண்ணில் லேசில் படாது.