நண்பனுக்காக விட்டுக்கொடுத்த காதல்: பழைய இந்திப் பாட்டுப் படங்கள் – வாசகர் கேள்வி பதில்

'சங்கம்' பார்க்க உட்கார்ந்தால் பாதியிலேயே கண் சொக்குகிறது. அவ்வளவு நீளப் படத்தை எப்படித்தான் பார்ப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

ஒரே மூச்சில் பார்க்கவேண்டும் என்று யார் சொன்னது? 238 நிமிடப் படம். 1964-ல் ராஜ் கபூர் அதை இரண்டு இடைவேளை வைத்தே வெளியிட்டார். நீங்களும் மூன்று தவணையாகப் பாருங்கள்; கதையும் அப்படித்தான் பிரிகிறது. சுந்தர் (ராஜ் கபூர்), ராதா (வைஜயந்திமாலா), கோபால் (ராஜேந்திர குமார்) மூவரும் சிறுவயதுத் தோழர்கள். சுந்தருக்கு ராதா மேல் ஆசை, ராதாவுக்கோ கோபால் மேல். சுந்தர் விமானப்படைக்குப் போய் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. கோபால் மனம் திறக்கிறான். சுந்தர் உயிரோடு திரும்பி வருகிறான். கோபால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்குகிறான். இது ஒரு தவணை. கல்யாணமும் ஐரோப்பியத் தேனிலவும் இரண்டாவது. கையெழுத்தில்லாத காதல் கடிதம் ஒன்று சுந்தர் கையில் சிக்கியபிறகு நடப்பது மூன்றாவது.

உங்களுக்குக் கண் சொக்குவது அநேகமாக நடுப்பகுதியில். ராஜ் கபூருக்கு இதுதான் முதல் வண்ணப்படம்; வெனிஸ், பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று ஆசை தீரக் காட்டுகிறார். அங்கே கொஞ்சம் ஓட்டினால் ஒன்றும் குடி முழுகாது. ஓட்டல் அறையில் வைஜயந்திமாலா கணவனைக் கிண்டலடித்து ஆடும் 'மை கா கரூ ராம்' பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதேபோல் முதல் தவணையில் 'யே மேரா பிரேம் பத்ர' பாட்டைத் தாண்டிப் போகவே கூடாது. பின்னால் குடும்பத்தை உலுக்கப்போகும் கடிதம் அதுதான். பாட்டு என்றால் ஓட்டிவிடும் பழக்கமுள்ளவர்கள், மூன்றாம் பகுதி புரியவில்லை என்று குறைப்படுவது இதனால்தான்.

பார்க்கத் தொடங்குமுன் நீளத்தைப் பாருங்கள். மூன்றரை மணிக்கும் குறைவாக இருந்தால் அது வெட்டுப்பட்ட பிரதி.

எங்கள் இன்னிசைக் குழுவில் 'சங்கம்' படத்தின் 'தோஸ்த் தோஸ்த் நா ரஹா' பாடவேண்டும். சுலபமான பாட்டு என்று நினைத்தேன், பாடினால் எடுபடவில்லை. எங்கே தவறுகிறது?
– வாசகர், மதுரை

சுலபமாகக் கேட்கிற பாட்டுகள்தான் மேடையில் காலை வாரும். முதலில் ராகத்தைப் பார்ப்போம். சங்கர் ஜெய்கிஷன் மெட்டு, பைரவியை ஒட்டியது. இந்துஸ்தானி பைரவியில் ரி, க, த, நி நான்கும் கோமளம், அதாவது அரை ஸ்வரம் தாழ்ந்தவை. நம்மூர்க் கணக்கில் தோடியின் ஸ்வரங்கள். கர்நாடகப் பயிற்சி உள்ளவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்: காந்தாரத்தைப் பார்த்ததும் தொண்டை தானாகவே ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் தோடிக் கமகத்துக்குப் போய்விடும். படத்தில் பாடிய முகேஷ் அப்படி எதுவும் செய்யவில்லை. ஸ்வரத்தில் நேராக நின்று, லேசான மூக்குச் சாயலோடு, பேசுகிற அளவில் பாடுகிறார். ஒவ்வொரு 'ரஹா'வையும் நீங்கள் இழுத்து வளைத்தால் சோகம் கூடாது, குறையும். ஒரு வாரம் ஆர்மோனியத்தில் ஒவ்வொரு ஸ்வரமாகத் தட்டி, அசைக்காமல் நிறுத்திப் பழகுங்கள்.

அடுத்தது சுருதி. பல்லவி தாழ்வாக, வசதியாக இருக்கிறதே என்று அதை வைத்துச் சுருதி பிடிப்பார்கள். சரணத்தில் மேலே ஏறும்போது கத்தல்தான் வரும். சரணத்தின் உச்ச ஸ்வரத்தை முதலில் பாடிப் பாருங்கள். அது நெஞ்சை இறுக்காமல் வந்தால் சுருதி சரி. கரோக்கி டிராக் என்றால் அரை ஸ்வரம், ஒரு ஸ்வரம் இறக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் இறக்கினால் பியானோவின் ஒலி மந்தமாகிவிடும்.

உச்சரிப்பு: இந்தி வரிகளைத் தமிழில் எழுதிவைத்துப் பாடுகிறவர்கள் 'தோஸ்த்'தின் முதல் எழுத்தைத் 'தோட்ட'த்தில் வரும் த-வாகச் சொல்கிறார்கள். அது 'பந்து' என்னும்போது வரும் மெலிந்த த. கடைசி 'த்' மட்டும்தான் 'பத்து'வில் வருவது. தாளில் மெலிந்த எழுத்துகளுக்கெல்லாம் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாதித் தப்பு போய்விடும்.

கடைசியாகச் சொன்னாலும் முக்கியமானது இதுதான். சைலேந்திரா எழுதிய மூன்று சரணங்களும் மூன்று பேரிடம் பேசுகின்றன. முதலாவது நண்பனிடம்: என் காதலை உன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேனே, அது நீதானே என்கிறது. இரண்டாவது மனைவியிடம்: விடைபெறும் நேரத்தில் கட்டிக்கொண்டு தொண்டை அடைக்கப் பேசியது நீதானே. மூன்றாவது தன் நெஞ்சிடமே: விஷ ஊசி இறங்கியபோதும் சிரித்துக்கொண்டிருந்தது நீதானே. மூன்றுக்கும் ஒரே தொனி கூடாது. முதலில் கேள்வி கூர்மையாக இருக்கட்டும், இரண்டாவதில் குரல் உடையலாம், மூன்றாவதில் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இறக்குங்கள். நேரமில்லை என்று பல குழுக்கள் வெட்டுவது அந்த மூன்றாம் சரணத்தைத்தான். அதை வெட்டினால் மிச்சமிருப்பது வெறும் குற்றப்பத்திரிகை. வேண்டுமானால் இடையிசையைச் சுருக்குங்கள்.

'அந்தாஸ்' படத்தில் திலீப்குமாருக்கு முகேஷும் ராஜ் கபூருக்கு ரஃபியும் பாடுகிறார்களே, மாறிப்போயிற்றா?
– வாசகர், கோயம்புத்தூர்

மாறவில்லை. 1949-ல் 'ராஜ் கபூர் என்றால் முகேஷ்' என்ற வழக்கம் இன்னும் கெட்டிப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் நௌஷாத் 'மேளா' படத்தில் திலீப்குமாருக்கு முகேஷைப் பாடவைத்திருந்தார். மெஹபூப் கானின் 'அந்தாஸ்'க்கும் அவர்தான் இசை. ராஜ் கபூரும் திலீப்குமாரும் சேர்ந்து நடித்த ஒரே படமும் இதுதான்.

நர்கீஸுக்குத் திலீப்பின் மேல் இருப்பது நட்பு. அவரோ அதைக் காதல் என்று எண்ணிக்கொள்கிறார். வெளிநாட்டிலிருந்து நர்கீஸின் காதலர் ராஜ் கபூர் வந்து இறங்கும்வரை விஷயம் வெளியே தெரியாது. சபையில் பேச முடியாததையெல்லாம் திலீப் பியானோ முன் உட்கார்ந்து பாடித் தீர்க்கிறார். கேட்கிறவர்களுக்கு அது விருந்துப் பாட்டு, பாடுகிறவருக்கு வாக்குமூலம். பதினைந்து ஆண்டு கழித்து ராஜ் கபூர் 'சங்கம்' படத்தில் தன்னையே பியானோ முன் உட்காரவைத்துக்கொண்டார்.

இந்தத் தியாகக் கதைகளில் அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?
– வாசகி, சேலம்

இல்லை. அதனால்தான் இன்று பார்க்கும்போது இவை உறுத்துகின்றன. 'சங்கம்' படத்தில் கோபாலும் ராதாவும் ஒருவரை ஒருவர் விரும்பியது வெளிப்படை. இருந்தும் சுந்தர் திரும்பியதும் கோபால் தன் பங்கை எழுதிக்கொடுப்பதுபோல் ஒதுங்குகிறான். மேலே சொன்ன முதல் சரணத்தைத் திரும்பப் படியுங்கள். அங்கும் காதலி ஒப்படைத்துவிட்டுப் போகிற பொருள்தான். படம் இதை அறியாமல் செய்யவில்லை என்பது என் கட்சி. முடிவுக்காட்சியில் ராதா இரண்டு ஆண்களையும் பார்த்து வெடிக்கிற இடத்தில் வைஜயந்திமாலாவைக் கவனியுங்கள். அந்த ஆண்டுக்கான ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்ததில் அநியாயம் எதுவும் இல்லை.

இதைவிட ஒரு படி மேலே போனது 'சௌத்வீ கா சாந்த்' (1960). லக்னோ நவாப் (ரஹ்மான்) ஒரு பெண்ணின் முகத்தை ஒரு கணம் பார்த்து மயங்குகிறார். பெரியவர்கள் வேறு பெண்ணைப் பேசிமுடிக்க, 'அவளை நீ கட்டிக்கொள்' என்று நண்பன் அஸ்லம் (குரு தத்) தலையில் கட்டிவிடுகிறார். கட்டிக்கொடுத்த ஜமீலாதான் (வஹீதா ரஹ்மான்) நவாப் தேடிக்கொண்டிருந்தவள்! உண்மை தெரிந்ததும் அஸ்லம், மனைவி தன்னை வெறுத்து விலகட்டும் என்று தாசி வீட்டுக்குப் போகத் தொடங்குகிறார். கடைசியில் நவாப் வைரத்தை விழுங்கி வழிவிடுகிறார். இத்தனை அமளியிலும் ஜமீலாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ரவியின் இசைக்காகவும் ரஃபி பாடிய தலைப்புப் பாட்டுக்காகவும் பாருங்கள், நியாயத்தைத் தேடாதீர்கள்.

'தில் ஏக் மந்திர்' நம்ம 'நெஞ்சில் ஓர் ஆலயம்'தானே? எதை முதலில் பார்க்கலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

அதேதான். 1962-ல் தமிழில் எடுத்த ஸ்ரீதரே மறு ஆண்டு இந்தியிலும் இயக்கினார். கல்யாண்குமார், தேவிகா, முத்துராமன் இடத்தில் ராஜேந்திர குமார், மீனா குமாரி, ராஜ் குமார். தமிழை முதலில் பாருங்கள், ஓட்டம் அதில்தான் இறுக்கம்.

பிறகு இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள். 'நான் போய்விட்டால் டாக்டரைக் கட்டிக்கொள்' என்று நோயாளிக் கணவன் சொன்னதும் தமிழில் 'சொன்னது நீதானா' வருகிறது. சுசீலாவின் குரலில் கோபமும் கெஞ்சலும் சேர்ந்தே இருக்கும். இந்தியில் அந்த இடத்தில் லதாவின் 'ஹம் தேரே பியார் மே'. கேள்வி கேட்பதைவிட இழந்ததைச் சொல்வதில் அதற்கு நாட்டம் அதிகம். டாக்டரின் பழைய காதல் நினைவுக்கு ரஃபியின் 'யாத் நா ஜாயே' இருக்கிறது. இந்திப் படத்தில் அதுதான் உச்சம். ஆனால் 'எங்கிருந்தாலும் வாழ்க' என்று ஏ.எல்.ராகவன் பாடும்போது கிடைக்கிற அந்த வாழ்த்துகிற மனசு அதில் கிடையாது.

'சங்கம்' பாட்டுகளுக்கு இசை விருது ஏன் கிடைக்கவில்லை?
– வாசகர், பெங்களூரு

அதே 1964-ல் வந்த 'தோஸ்த்தி' தட்டிக்கொண்டு போய்விட்டது. பெரிய நட்சத்திரம் ஒருவரும் இல்லை; அதன் இசையமைப்பாளர்கள் லட்சுமிகாந்த் பியாரேலால் அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தார்கள். பார்வையில்லாத பாடகன், கால் ஊனமான மவுத் ஆர்கன் கலைஞன் என்று இரு பையன்களின் நட்பு மட்டுமே கதை. சிறந்த படம் உட்பட ஆறு ஃபிலிம்ஃபேர் விருதுகள்.

அந்த 'தோஸ்த்தி' மவுத் ஆர்கனை நானும் வாசிக்க ஆசை. எந்த வகை வாங்குவது?
– வாசகர், திருநெல்வேலி

படத்தில் அதை வாசித்தவர் ஆர்.டி.பர்மன். கடையில் மலிவாகக் கிடைக்கும் பத்துத் துளை டயடானிக்கை நம்பி இறங்காதீர்கள். சி சுருதியில் ஒன்று வாங்கினால் ஏழு ஸ்வரமும் முழுசாக வருவது 4-லிருந்து 7-வது துளை வரைதான். கீழ் ஸ்தாயியில் மத்திமமும் தைவதமும் கிடையாது. கோமள ஸ்வரங்களுக்குக் காற்றை வளைத்து வாசிக்கவேண்டும், அது கைவர மாதக்கணக்காகும். பக்கத்தில் பொத்தான் உள்ள பன்னிரண்டு துளைக் குரோமாட்டிக் வாங்குங்கள். பொத்தானை அழுத்தினால் அதே துளை அரை ஸ்வரம் ஏறும், மூன்று ஸ்தாயியும் கிடைக்கும்.

புதிதாக வாசிப்பவர்கள் உறிஞ்சும் ஸ்வரங்களைப் பலமாக இழுப்பார்கள். கருவிக்குள் இருக்கும் உலோக நாக்கு (ரீட்) அடைத்துக்கொண்டு ஒலியே வராது. மூச்சு விடும் அளவே போதும். உள்ளே ஈரம் பட்டால் வால்வு ஒட்டிக்கொள்ளும். வாசிக்குமுன் ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பிடித்துச் சூடாக்குங்கள், வாசித்ததும் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி தட்டி உலரவிட்டுப் பெட்டியில் வையுங்கள். சாப்பிட்ட கையோடு வாய் கொப்பளிக்காமல் வாசிக்கவே வேண்டாம்.