சின்ன அத்தையின் வளையல்

கேள்வி: எனக்கு 46 வயது. போன வருடம் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆயிற்று. மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம், ஆனால் இன்ஷூரன்ஸில் வராது, கைக்காசு 22 ஆயிரம் ஆகும் என்கிறார் டாக்டர். அம்மா வழியில் யாருக்கும் இந்த நோய் இல்லை. அதைத்தான் அவரிடமும் சொன்னேன். எச்சிலை அனுப்பினால் பார்த்துச் சொல்லும் கிட் ஆன்லைனில் மலிவு என்கிறாள் 21 வயது மகள். வீண் செலவு என்கிறார் கணவர். செய்வதென்றால், 38 வயதில் வயிற்றுக் கட்டியில் போய்ச் சேர்ந்த சின்ன அத்தையின் வளையலை அடகு வைக்க வேண்டும். மனசு வரவில்லை.
– ஈரோடு வாசகி

பதில்: வளையல் இருக்கட்டும். அந்தக் கட்டி வயிற்றில் எங்கே இருந்தது?

நம் வீடுகளில் சினைப்பை, கர்ப்பப்பை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் புற்றுநோய் என்றும் சொல்ல மாட்டார்கள். எல்லாம் 'வயிற்றுக் கட்டி'தான். எனக்கு வரும் கடிதங்களில் இந்த வார்த்தை வராத மாதமில்லை.

அது சினைப்பைப் புற்றுநோய் என்றால் கதையே வேறு. பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக்களில் பழுது இருந்தால் மார்பகத்திலும் வரலாம், சினைப்பையிலும் வரலாம். அந்தப் பழுது அப்பா வழியிலும் இறங்கும். அப்பா கடைசிவரை திடமாக இருந்தாலும் பிள்ளைக்குக் கொடுத்திருக்க முடியும். நீங்களோ டாக்டரிடம் பாதிக் குடும்பத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அதைக் கேட்டவர் 'செய்துகொள்ளலாம்' என்று இழுக்காமல் என்ன செய்வார்?

அப்பா பக்கத்தில் உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த ஆஸ்பத்திரி, என்ன ஆபரேஷன், வயிறு வீங்கி நீர் எடுத்தார்களா என்று கேளுங்கள். மழுப்புவார்கள், விடாதீர்கள். அதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி டாக்டரைப் பாருங்கள். எந்தெந்த மரபணுக்களைப் பார்ப்பார்கள், ரிசல்ட்டை உட்கார்ந்து விளக்குவதும் அந்த 22 ஆயிரத்தில் சேர்த்தியா என்று கேளுங்கள். நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாத மாற்றம் என்றும் சில சமயம் ரிசல்ட் வரும். அதை நம்பி ஆபரேஷனுக்கு ஓடக் கூடாது.

மகள் சொல்லும் கிட் வேண்டாம். அவற்றில் பலவும் மரபணுவில் பொறுக்கியெடுத்த சில இடங்களைத்தான் பார்க்கும். நோய் வந்த நீங்கள்தான் முதலில் முழுசாகச் செய்துகொள்ள வேண்டும். பழுது எங்கே என்று உங்களிடம் தெரிந்துவிட்டால், மகளுக்கு அந்த ஓரிடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறைவு. அவளுக்கும் அந்தப் பழுது வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. வந்திருந்தால் 25 வயதிலிருந்தே வருடாவருடம் மார்பகத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் சினைப்பைகளை எடுத்துவிடுவதா, விட்டுவைப்பதா என்பதும் இந்த ரிசல்ட்டைப் பொறுத்ததுதான்.

வீண் செலவு என்கிறவரிடம், மகள் கல்யாண மண்டபத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார் என்று கேளுங்கள்.

வளையலை நாளைக்கே அடகு வையுங்கள். சரி, சின்ன அத்தைக்குப் பிள்ளைகள் உண்டா? நீங்கள் எழுதவில்லை. வளையல் உங்களுக்கு வந்திருப்பதால் மகள் இல்லை போலும். மகன் இருந்தாலும், பழுது தெரிந்த அன்றைக்கு முதல் போன் அவனுக்குத்தான்.