ரிப்போர்ட்டில் ‘மொழி வயது 3’ என்று வந்தால்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். மொழித்திறன் பரிசோதனையில் ‘மொழி வயது 3’ என்று வந்திருக்கிறது. ஆனால் நான் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரிகிறது. இனிமேல் பேச்சு வளராது என்கிறார்கள். வீட்டில் இரண்டு மொழி பேசுவதை நிறுத்த வேண்டுமா? பட அட்டையைக் காட்டித் தேவையைச் சொல்லப் பழக்கினால் வாய்ப்பேச்சு நின்றுவிடுமா?

பதில்: மூன்று வயதுப் பிள்ளையின் மொழித்திறன்தான் இவனுக்கு என்று சொல்லும் அந்த 3-ஐக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், சகோதரி. புரிந்துகொள்வது வேறு, பேசுவது வேறு. இரண்டையும் கூட்டிக் கலந்து ஓர் எண்ணாகக் கொடுத்தால் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதே தெரியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பலருக்குப் புரிதல் முன்னால் போகும், பேச்சு பின்தங்கும். அதனால் நீங்கள் வீட்டில் பார்ப்பது பிரமை இல்லை. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் கேட்டு வாங்குங்கள்.

சோதனை எப்படி நடக்கிறது என்றும் பாருங்கள். நான்கு படங்களைக் காட்டி “நாய் எது?” என்றால் விரலை வைத்துவிடுவான். நீளமான ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல் என்றால் பாதியில் நிற்பான். கேட்டதை வரிசையாக மனதில் வைத்திருப்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம். அங்கே மொழியோடு சேர்ந்து நினைவாற்றலும் சோதிக்கப்படுகிறது. தவிர, பெரும்பாலான சோதனைகள் டவுன் சிண்ட்ரோம் இல்லாத பிள்ளைகளை வைத்து உருவானவை. அவற்றில் மிக எளிய கேள்விகள் குறைவு என்பதால், திறமையில் நிறைய வேறுபடும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மதிப்பெண் விழலாம்.

இன்னொன்று, காது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, கேட்கும் திறன் கூடிக் குறைவது இவர்களிடம் சகஜம். சமீபத்தில் காதுப் பரிசோதனை செய்தீர்களா? இல்லையென்றால் அதை முதலில் முடியுங்கள்.

பேச்சு வளராது என்கிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் மொழி ஆய்வாளர் ராபின் சாப்மன் குழுவினர் டவுன் சிண்ட்ரோம் உள்ள 5 முதல் 20 வயது வரையிலானவர்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பதின்வயதிலும் அவர்கள் பேசிய வாக்கியங்கள் வளர்ந்துகொண்டேதான் இருந்தன. 9 வயதில் கதவைச் சாத்த யாருக்கும் உரிமை இல்லை!

இரண்டு மொழியை நிறுத்தாதீர்கள். இரு மொழியில் வளரும் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்பவர்களைவிடப் பின்தங்கவில்லை என்று 2005இல் வந்த கனடா ஆய்வு சொல்கிறது. பட அட்டை, கை சைகை எல்லாம் பேச்சைக் கெடுக்கும் என்பதும் வீண் பயம். 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நம்பகமான ஆய்வுகளில் பதிவானவர்களில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியது.

சரி, அடுத்த முறை போகும்போது என்ன செய்வது? எழுத்தில்லாத படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து அவனைக் கதை சொல்லச் சொல்லுங்கள். அதைப் போனில் பதிவு செய்து ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போட்டுக் காட்டுங்கள். கேள்வி பதிலாகப் பேசும்போது வருவதைவிட, படம் பார்த்துக் கதை சொல்லும்போது நீளமான வாக்கியங்கள் வருவதுண்டு. அடுத்து என்ன சொல்லித்தருவது என்பதை அந்தப் பதிவை வைத்து அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.