61 வயது அம்மாவை லா பாஸ் நகரத்துக்குக் கூட்டிப்போகலாமா? அந்த உயரத்தைத் தாங்குவாரா?

தாராளமாகக் கூட்டிப்போங்கள். உங்களிடமும் "இந்த வயசில் காசி, ராமேஸ்வரம் போகாமல் பொலிவியா எதற்கு" என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். எங்களிடம் கேட்டார்கள். "அந்தக் காசுக்கு நகை எடுத்திருக்கலாமே" என்று சித்தியே சொன்னார். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா கோவில்பட்டிப் பக்கம் சமூக அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டிஸ் மலையையும் டிட்டிகாகா ஏரியையும் சுவரில் தொங்கும் மேப்பில் பிரம்பால் தொட்டுக் காட்டியே சர்வீஸ் முழுக்கப் போனது. அங்கே போகும்போது அவருக்கு 64 வயது.

பொலிவியாவின் லா பாஸ் நகரம் சுமார் 3,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியே 2,240தான். விமானம் இறங்குவது அதற்கும் மேலே, எல் ஆல்டோவில், 4,060 மீட்டரில். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால், கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். அதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். இதில் வயது பெரிய விஷயமே இல்லை, எவ்வளவு வேகமாக ஏறினோம் என்பதுதான் விஷயம்.

எங்களுக்கு முதலில் பேக்கேஜ் போட்டுக் கொடுத்தவர், எல் ஆல்டோவில் இறக்கிவிட்டு அன்றைக்கு மாலையே ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று நாங்களே திட்டம் போட்டோம். முதலில் பொலிவியாவிலேயே இருக்கும் சாந்தா குரூஸ் நகரம். அது சுமார் 400 மீட்டர், நம்ம ஊர் மாதிரியே புழுக்கம். பிறகு 2,560 மீட்டரில் இருக்கும் கோச்சபம்பாவில் சில இரவுகள். அதற்கப்புறம்தான் லா பாஸ். ஏர்போர்ட்டிலிருந்து நேராக டாக்ஸி பிடித்து, நகரத்தின் தாழ்வான பகுதியான சோனா சுர் போய்விட்டோம். அது 3,300 மீட்டர் வாக்கில் இருக்கிறது. முதல் நாள் வெளியே எங்கும் போகவில்லை. சூப், கோகா இலை டீ, தூக்கம், அவ்வளவுதான். அம்மாவுக்கு ராத்திரி லேசாகத் தலை வலித்தது, ஒரு பாராசிட்டமாலில் சரியாகிவிட்டது. எனக்குத்தான் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. அந்த உயரத்தில் அது சகஜம்.

மறுநாள் வாடகை வீட்டில் பருப்பு வேக வைத்தோம். எவ்வளவு நேரம் கொதித்தும் வேகவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடு ஏறாது. அம்மா வீட்டுக்கார அம்மாளைக் கூப்பிட்டுப் பானையைக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் குக்கரை எடுத்துவந்தார். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமலே இரண்டு பேரும் சாயங்காலம் வரை அடுப்படியில் நின்றார்கள். உறையவைத்துக் காயவைத்த சுன்யோ என்ற உருளைக்கிழங்கை அம்மா முதலில் தொட்டுப் பார்த்தது அங்கேதான்.

பிறகு தெலெஃபெரிக்கோ. 2014-ல் தொடங்கிய கேபிள் கார். அங்கே ஜனங்கள் பஸ் மாதிரி அதில்தான் வேலைக்குப் போகிறார்கள். பச்சை லைனில் ஏறி, மஞ்சள் லைனுக்கு மாறி எல் ஆல்டோ வரை போனோம். கீழே கிண்ணம் மாதிரி மொத்த நகரமும், அந்தப் பக்கம் 6,438 மீட்டர் இயிமானி பனிமலையும். வசதியானவர்கள் கீழே இதமான இடத்தில், ஏழைகள் மேலே குளிரில். இதை அம்மாதான் முதலில் கவனித்துச் சொன்னார். உச்சியில் இறங்கி, ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே உயரத்தில் விரிந்திருக்கும் சமவெளியைப் பார்த்ததும், "ஏன்டி, இதுதான்டி ஆல்டிபிளானோ. இத்தனை வருஷம் சும்மா பேரை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கேன்" என்றார். அந்தக் குரலை எந்த நகைக்கும் கொடுக்க மாட்டேன்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மாவின் பள்ளியில் பொதுத்தேர்வு நெருங்கினால் சோசியல் பீரியடைக் கணக்குக்கும் சயின்ஸுக்கும் கொடுத்துவிடுவார்கள். "மேப் வீட்லயே படிச்சுக்கலாம்" என்பார்கள். ஆண்டுக்கணக்கில் அம்மா வாய் திறக்காமல் கொடுத்திருக்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

"உங்கம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் எல்லாருக்கும் அப்படியா?" என்று யாராவது கமென்ட்டில் வருவார்கள். அப்படி நான் சொல்லவில்லை. நான் டாக்டரும் இல்லை. இதய நோய், நுரையீரல் கோளாறு, ரத்தசோகை, கட்டுக்குள் வராத பிரஷர் இருந்தால் டாக்டர் சரி என்ற பிறகு டிக்கெட் போடுங்கள். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயாமாக்ஸ் மாத்திரையை அவரிடம் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே போனபின் நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே தாழ்வான ஊருக்கு இறக்கி, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கோகா இலையை ஞாபகார்த்தமாகக்கூடப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், இந்தியாவில் அது சட்டப்படி குற்றம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள். பொலிவியாவிலிருந்து திரும்பும்போது நம் ஏர்போர்ட்டில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். அதை அம்மாவின் கைப்பையிலேயே வையுங்கள்.